மாத்திரை வாங்குறாங்க சரி, சாப்பிடுறாங்களா?

சுகர் குறையலன்னு டாக்டர் ஒரு மாத்திரைய ரெண்டாக்குறாரு, அடுத்த தடவை போனா இதுவும் பத்தலன்னு இன்னொன்னு சேர்க்குறாரு, அதுக்கும் அடுத்த தடவை இன்சுலின் பேச்சு எடுக்குறாரு. ஆனா வீட்ல போய் பாத்தா முதல்ல எழுதிக் குடுத்த அட்டையே பாதிக்கு மேல பிரிக்காம கெடக்கு. மாத்திரை வேலை செய்யலன்னு டாக்டர் நினைச்சிட்டிருக்காரு, மாத்திரை உள்ளயே போகலங்கறது சாப்பிட வேண்டிய ஆளுக்கு மட்டுந்தான் தெரியும், அவரும் வாயத் தொறக்க மாட்டாரு, ஏன்னா சொன்னா டாக்டர் வைவாரு, மக வைவா, மெடிக்கல்ல கவுண்டருக்கு அங்குட்டு நிக்கிற என்னைய மாதிரி ஆளும் வைவாங்கன்னு ஒரு பயம்.

இதுக்குத்தான் பார்மசி ஆராய்ச்சில மெடிகேஷன் அட்ஹீரன்ஸ்னு பேரு. சீட்டுல எழுதுன மருந்த, எழுதுன அளவுல, எழுதுன நேரத்துல, சொன்ன காலம் வரைக்கும் ஒருத்தர் எவ்வளவு தூரம் எடுத்துக்கிறாருங்கறது, அவ்வளவுதான். கேக்க சப்புன்னு இருக்கும், இதுல போய் என்ன ஆராய்ச்சின்னு தோணும். நம்ம நாட்டுல 2008ல பார்ம் டின்னு பார்மசிஸ்ட்டுக்கான ஒரு படிப்பு வந்துச்சு, ஆறு வருஷம், கடைசி வருஷம் முழுக்க ஆஸ்பத்திரி வார்டுல, அந்தப் பிள்ளைங்க ப்ராஜெக்ட்னு கையில கேள்வித்தாள வச்சுக்கிட்டு பெட் பெட்டா போய் "மாத்திரை மறக்காம சாப்பிடுறீங்களா"ன்னு கேக்குறத நீங்களே பாத்திருப்பீங்க, அது இந்த விஷயந்தான்.

எவ்வளவு பெரிய விஷயம்னா, உலக சுகாதார நிறுவனம் 2003ல இதுக்குன்னே தனியா ஒரு அறிக்கை போட்டுச்சு. நாள்பட்ட நோய்க்கு மருந்து சாப்பிடுறவங்கள்ல வசதியான நாடுகள்லயே சராசரியா 50 சதவீதம் பேருதான் ஒழுங்கா சாப்பிடுறாங்க, வசதி கம்மியான நாடுகள்ல அதவிடக் குறைவுன்னு அதுல இருக்கு. அதாவது ரெண்டுல ஒருத்தர். புது மருந்து கண்டுபிடிக்க கோடி கோடியா கொட்டுறாங்க, இருக்குற மருந்தே பாதிப் பேருக்கு வயித்துக்குள்ள போகல.

எங்க அறுந்து போகுதுன்னு பாத்தா மூணு எடம். மொதல்ல, சீட்ட வாங்கிட்டு மருந்தே வாங்காம போறது. இது கடைக்காரனுக்குத் தெரியவே தெரியாது, வராத ஆளப் பத்தி எனக்கு என்ன தெரியும். ரெண்டாவது வாங்கிட்டு அப்பப்ப விடுறது, மூணாவது மொத்தமா நிறுத்துறது. இந்த ரெண்டாவதுலதான் நம்ம ஊரு வாழ்க்கையே இருக்கு. 1-0-1ன்னு, அதாவது காலைல ஒன்னு, மத்தியானம் கெடையாது, ராத்திரி ஒன்னுன்னு சீட்டுல எழுதி காலைல சாப்பாட்டுக்கு அப்புறம்னு போட்டிருக்கும். எங்க மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல விடியக்காலம் மூட்டை எறக்குறவருக்கு காலைச் சாப்பாடுங்கறது எத்தனை மணிக்கு? சில நாள் வெறும் டீ வடையோட போயிடும், அப்ப அந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா அப்புறமா, அவரு யோசிச்சுப் பாத்துட்டு சரி ராத்திரி பாத்துக்கலாம்னு விட்டுருவாரு. அழகர் ஆத்துல எறங்குற வாரம் வந்தா வீடே தல்லாகுளம் பக்கம் சொந்தக்காரங்க வீட்ல கெடக்கும், மாத்திரை டப்பா வீட்ல கெடக்கும். நோன்பு மாசத்துல காஜிமார் தெருப் பக்கம் இருக்குறவங்களுக்கு 1-0-1 அப்படியே பொருந்தாது, விடியலுக்கு முன்னாடி ஷஹர் சாப்பாட்டுல ஒன்னு நோன்பு தொறக்கும்போது ஒன்னுன்னு டாக்டர்ட்ட முன்கூட்டியே கேட்டு அளவையும் மாத்தி வாங்கிக்கணும், கேக்காதவங்க அந்த மாசம் முழுக்க விட்டுர்றாங்க. இன்னும் ஒரு கூட்டம் இருக்கு, வாரக் கூலி வாங்குறவங்க, "தம்பி ஒரு அஞ்சு நாளைக்கு மட்டும் வெட்டிக் குடு"ன்னு வாங்குவாங்க, அஞ்சு நாள் முடிஞ்சதும் மறுபடி கூலி வர்ற வரைக்கும் இடைவெளி.

சரி, ஒருத்தர் சாப்பிடுறாரா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு இந்த சப்ஜெக்ட்ல பிடிச்ச பகுதியே இதுதான், ஏன்னா கிட்டத்தட்ட துப்பறியிற வேலை.

நேராக் கேட்டா ஆமாம்பாங்க. "ஒழுங்கா சாப்பிடுறீங்களாய்யா?" "சாப்பிடுறேன்ப்பா." முடிஞ்சு போச்சு. அதனால 1986ல மோரிஸ்கிங்கறவரும் அவர் கூட இருந்தவங்களும் நாலு கேள்வி போட்டாங்க. எப்பவாவது மறந்திருக்கீங்களா, சில சமயம் அசட்டையா விட்டிருக்கீங்களா, உடம்பு தேவலைன்னு தோணும்போது நிறுத்தியிருக்கீங்களா, மாத்திரை சாப்பிட்டு உடம்புக்கு முடியாம போன மாதிரி இருந்தா நிறுத்தியிருக்கீங்களா. சூட்சுமம் எங்க இருக்குன்னா, எந்தக் கேள்வி கேட்டாலும் ஆமாம்னு தலையாட்டுறது மனுஷ சுபாவம், இங்க ஆமாம்னு சொன்னா சாப்பிடலன்னு அர்த்தம் வர்ற மாதிரி கேள்வியவே திருப்பிப் போட்டுட்டாங்க. அப்புறம் வந்த எட்டுக் கேள்வி வடிவத்துக்கு லைசென்ஸ் வாங்கணும், ப்ராஜெக்ட் பண்ற பிள்ளைங்க இத முதல்லயே பாத்துக்கங்க, எழுதி முடிச்சு பேப்பர் அனுப்பும்போது தலைவலி.

அடுத்தது எண்ணிப் பாக்குறது. மிச்சம் எத்தனை இருக்கு, 30ல 24 போயிருந்தா 80 சதவீதம், பாஸ். நிறைய ஆய்வுகள்ல இந்த 80தான் கோடு. ஆனா 80ங்கறது எல்லா மருந்துக்கும் பொருந்துற நம்பர் கெடையாது, வலிப்பு மாத்திரைல மாசத்துக்கு ஆறு விட்டா அது பாஸ் இல்ல, ஆபத்து. எண்ணுறதுலயும் ஏமாத்தலாம், வர்றதுக்கு முன்னாடி சிங்க்ல கொட்டிட்டு வந்தா கணக்கு சரியா இருக்கும். அதனால மாத்திரை பாட்டில் மூடிக்குள்ள சின்னதா ஒரு சிப் வச்சாங்க, எந்தத் தேதி எந்த நேரம் மூடி தொறந்துச்சுன்னு அது பதிஞ்சுக்கும். அதுல என்ன தெரிஞ்சதுன்னா டாக்டரப் பாக்கப் போறதுக்கு முந்தின சில நாளும் பாத்துட்டு வந்த சில நாளும் ஒழுங்கா தொறந்திருக்கு, நடுவுல தளர்ந்து போகுது. ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வர்ற வாரம் மட்டும் சுவத்துக்கு வெள்ளை அடிக்கிற கதைதான்.

அமெரிக்காவுல நுரையீரல் நோய்க்காரங்கள வச்சு நடந்த ஒரு பெரிய ஆய்வுல, இன்ஹேலருக்குள்ள இதே மாதிரி நேரம் பதியிற கருவி வச்சிருந்தாங்க, 1992ல முடிவு வெளியாச்சு. கொஞ்சம் பேரு ஒரே மூணு மணி நேரத்துக்குள்ள 100 தடவைக்கு மேல அமுத்தியிருக்காங்க. மூச்சுத் திணறல் இல்ல, சீக்கிரமே ஆஸ்பத்திரிக்குப் போகணும், அங்க இன்ஹேலர எடை போட்டுப் பாப்பாங்கன்னு காலி பண்ணியிருக்காங்க. நான் இத சிரிக்கிறதுக்காகச் சொல்லல. டாக்டர்கிட்ட நல்ல பேரு வாங்கணும்ங்கற ஆசை மருந்து சாப்பிடணும்ங்கற ஆசையவிடப் பெருசா இருக்கு, அது அந்த ஊருன்னு இல்ல எல்லா ஊர்லயும் இருக்கு.

இப்ப நம்ம தமிழ்நாட்டுக் கதைக்கு வரேன், இது நிறையப் பேருக்குத் தெரியாது. 1956ல சென்னை சேத்துப்பட்டுல காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் ஆரம்பிச்சாங்க, மாநில அரசும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேந்து. அந்தக் காலத்துல காசம்னாலே சானடோரியம்தான், நம்ம பக்கம் தோப்பூர் மாதிரி ஊருக்கு வெளிய காத்தோட்டமான எடத்துல கொண்டு போய் மாசக்கணக்கா படுக்க வைக்கிறது, பால் முட்டைன்னு தனிச் சாப்பாடு. அவங்க கேட்ட கேள்வி, இவ்வளவும் வேணுமா, இல்ல மாத்திரை மட்டும் போதுமா? நோயாளிங்கள ரெண்டாப் பிரிச்சு பாதிப் பேர சானடோரியத்துல வச்சாங்க, பாதிப் பேர அவங்கவங்க நெருக்கடியான வீட்லயே இருக்கவிட்டு மாத்திரை மட்டும் குடுத்தாங்க. 1959ல வந்த முடிவு, ரெண்டு பக்கமும் குணமானது ஏறக்குறைய சமம், வீட்ல கூட இருந்தவங்களுக்கும் அதனால கூடுதலா தொத்தல. அதுக்கப்புறம் உலகம் பூரா சானடோரியங்க மூட ஆரம்பிச்சதுல இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு இருக்கு.

ஆனா வீட்ல விட்டா சாப்பிடுறானான்னு யாரு பாக்குறது? சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரைய எண்ணுனாங்க, சிறுநீர் வாங்கி டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்க, அந்த மருந்து சாப்பிட்டிருந்தா சிறுநீர்ல தெரியும். அதுல கொஞ்சம் பேரு சாப்பிடலங்கறது தெரிஞ்சதும், தினமும் வீட்ல தானா சாப்பிடுறதுக்குப் பதிலா வாரம் ரெண்டு தடவை கண்ணு முன்னாடி குடுத்தா என்னன்னு அதே மையம் அடுத்த ஆய்வு பண்ணுச்சு, 1964ல அதுவும் நல்ல பலன் குடுக்குதுன்னு வந்துச்சு. பின்னாடி உலகம் பூரா டாட்ஸ்னு போன முறையோட வேர்ல இதுவும் ஒன்னு. அட்ஹீரன்ஸ் ஆராய்ச்சின்னா ஏதோ வெளிநாட்டு சமாச்சாரம்னு நினைக்கிறவங்ககிட்ட நான் இதத்தான் சொல்லுவேன்.

இன்னொரு ஆய்வு இருக்கு, அத முதல் தடவை படிக்கும்போது எனக்கு மண்டை சுத்திருச்சு. ஹார்ட் அட்டாக் வந்து பொழைச்சவங்களுக்குக் கொழுப்பைக் குறைக்கிற க்ளோஃபைப்ரேட்டுங்கற மருந்த ஒரு கூட்டத்துக்கும், மருந்தே இல்லாத டம்மி மாத்திரைய இன்னொரு கூட்டத்துக்கும் குடுத்து அமெரிக்காவுல அஞ்சு வருஷம் பாத்தாங்க, 1980ல எழுதினாங்க. மருந்த ஒழுங்கா சாப்பிட்டவங்கள்ல இறந்தவங்க 15 சதவீதம், ஒழுங்கா சாப்பிடாதவங்கள்ல 24.6. ஆஹா பாத்தீங்களா மருந்தோட மகிமைன்னு சொல்லப் போறதுக்குள்ள டம்மி பக்கம் பாக்கணும். டம்மிய ஒழுங்கா சாப்பிட்டவங்கள்ல 15.1, ஒழுங்கா சாப்பிடாதவங்கள்ல 28க்கு மேல! வெறும் மாவு மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்டாக்கூட ஆயுசு கூடுதான்னா, இல்ல. மாத்திரைய நேரத்துக்குப் போடுற ஆளு பொதுவா நடக்கப் போவாரு, பீடிய விட்டிருப்பாரு, வீட்ல கவனிக்க ஆள் இருக்கும், அது எல்லாம் சேந்து காட்டுற வித்தியாசம். அதனால "எங்க மருந்த ஒழுங்கா சாப்பிட்டவங்களுக்கு இவ்வளவு நல்லது நடந்துச்சு"ன்னு எவனாவது கணக்கு காட்டினா உடனே நம்பிராதீங்க, சாப்பிடாதவங்க கூட ஒப்பிடுறது நியாயமான ஒப்பீடு இல்ல.

ஒரு வேளை விட்டா என்ன ஆகும்ங்கறது மருந்துக்கு மருந்து மாறும். தைராய்டு மாத்திரை தைராக்ஸின் உடம்புல பாதியாக் குறைய கிட்டத்தட்ட ஒரு வாரம் எடுக்கும், ஒரு நாள் விட்டா பெருசா ஒன்னும் தெரியாது. பிபிக்குக் குடுக்குற அம்லோடிபினும் மெதுவா எறங்குற சாதி, பாதியாக 30 மணி நேரத்துக்கு மேல. ஆனா குளோனிடின்னு ஒரு பிபி மாத்திரை இருக்கு, அத திடீர்னு நிறுத்தினா பிபி முன்ன இருந்ததவிட மேல எகிறும். அட்டெனலால் மாதிரி மாத்திரைய இருதய நோய்க்காரங்க சட்டுனு நிறுத்தினா நெஞ்சுவலி வரலாம், ரொம்ப நாளா ஸ்டீராய்டு சாப்பிட்டவங்க தானா நிறுத்துனா உயிருக்கே ஆபத்து. விட்டுப் போச்சேன்னு அடுத்த வேளைக்கு ரெண்டா சேத்துப் போடுற பழக்கம் நம்ம ஊர்ல எம்புட்டோ பேருக்கு இருக்கு, அத மட்டும் பண்ணாதீங்க, கடையிலயே கேளுங்க.

இப்ப ஏன் சாப்பிட மாட்டேங்குறாங்கங்கறது. மறதி ஒரு வகை, தெரிஞ்சே விடுறது இன்னொரு வகை, ரெண்டுக்கும் ஒரே வைத்தியம் கெடையாது. தெரிஞ்சே விடுறவங்க முட்டாள் இல்லங்க, அவங்களுக்குன்னு ஒரு நியாயம் இருக்கு. "இங்கிலீஷ் மாத்திரை சூடு", "சுகர் மாத்திரை கிட்னிய அடிச்சிரும்", "பிபி நார்மல்னு வந்துருச்சு, பெறகு எதுக்கு?" இந்தக் கடைசிக் கேள்விக்கு பதில் சொல்லிருக்கமான்னு பாத்தா யாரும் சொல்லிருக்க மாட்டோம். மாத்திரை சாப்பிடுறதாலதான் நார்மலா இருக்குங்கற ஒரு வரி. பிபி, கொழுப்பு, கண்ணழுத்தம் மூணுலயும் தொந்தரவு ஒன்னும் வெளிய தெரியாது, சாப்பிட்டா நல்லாருக்குன்னும் தெரியாது, விட்டா கெட்டுச்சுன்னும் தெரியாது, தலைவலி மாத்திரைய யாரும் மறக்குறதில்லையே. கண்ணழுத்தத்துல சொட்டு மருந்த விட்டுட்டு பார்வை போன பெறகு அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் போன பார்வை திரும்பாது.

என்ன பண்ணா சரியாகுதுன்னு நிறைய சோதிச்சுப் பாத்துட்டாங்க, பலதும் ஊத்திக்கிச்சு. மறதின்னா ஞாபகப்படுத்துனா போதும்னு நினைச்சு 2017ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 50 ஆயிரத்துக்கு மேல ஆளுங்களுக்கு கெழமை போட்ட டப்பா, டைமர் மூடி இப்படி தபால்ல அனுப்பிப் பாத்தாங்க, அனுப்பாதவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. காசுதான் காரணம்னு 2011ல இன்னொரு ஆய்வு, ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு மாத்திரைய மொத்தமா இலவசமா குடுத்தாங்க, 4லேர்ந்து 6 சதவீதம் கூடுச்சு, அவ்வளவுதான், இலவசமா வாங்குனவங்கள்லயும் பாதிப் பேரு கிட்ட சரியா சாப்பிடல. பெரியாஸ்பத்திரில மாத்திரை சும்மாவே கெடைக்குது, இருந்தும் ஏன் சாப்பிட மாட்டேங்குறாங்கன்னு கேக்குறவங்களுக்கு இந்த ஆய்வக் காட்டணும். மாத்திரை இலவசம், ஆனா பஸ்ஸும் அரை நாள் கூலியும் க்யூவும் இலவசம் இல்ல. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே பிபி சுகர் மாத்திரை கொண்டு வர்றதுல இந்தப் பகுதிக்கு பதில் இருக்கு. சாப்பிட வைக்கிறது அதுக்கடுத்த வேலை.

ஓரளவு நல்லா வேலை செஞ்சது எதுன்னா வேளையக் குறைக்கிறது. எலக்ட்ரானிக் மூடி வச்சு நடந்த பல ஆய்வுகள 2001ல ஒன்னா சேத்துப் பாத்தப்ப ஒரு நாளைக்கு ஒரு வேளைன்னா ஒழுங்கா சாப்பிட்டது 79 சதவீதம், ரெண்டுன்னா 69, மூணுன்னா 65, நாலு வேளைன்னா 51. இதுலேர்ந்தே நாலு மருந்த ஒரே மாத்திரையா ஆக்குனா என்னன்னு யோசனை, இந்தியாவுலயும் ஐரோப்பாவுலயும் 2 ஆயிரம் பேர வச்சு 2013ல வெளிவந்த ஆய்வுல அந்த ஒத்த மாத்திரைய சாப்பிட்டவங்க 86 சதவீதம் தொடர்ந்தாங்க, தனித்தனியா சாப்பிட்டவங்க 65.

இன்னொன்னு பார்மசிஸ்ட் பேசுறது. எங்க தொழில் ஆளுங்கங்கறதால பெருமையா சொல்றேன்னு நினைக்காதீங்க. அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரி ஒன்னுல 65 வயசுக்கு மேல 200 பேரு, பார்மசிஸ்ட் உக்காந்து ஒவ்வொரு மாத்திரையும் எதுக்குன்னு சொல்லி, வேளை வாரியா பாக்கெட் போட்டுக் குடுத்தாங்க, ஆறு மாசத்துல ஒழுங்கா சாப்பிடுறது 61 சதவீதத்துலேர்ந்து 97 ஆச்சு. அப்புறம் பாதிப் பேருக்கு மட்டும் அத நிறுத்திப் பாத்தாங்க, அவங்க 69க்கு எறங்கிட்டாங்க. ஒரு தடவை சொல்லிக் குடுத்துட்டா தங்கிரும்னு நினைக்கிறது தப்புன்னு அங்க தெரிஞ்சு போச்சு. நம்ம நாட்டுல 2015ல வந்த பார்மசி விதிமுறையும் நோயாளிகிட்ட பேசி விளக்கணும்னுதான் சொல்லுது, சாயங்காலம் ஏழு மணிக் கூட்டத்துல கவுண்டர்ல நின்னு பாத்தா தெரியும் அது எவ்வளவு நடக்குதுன்னு.

நம்ம காசநோய்த் திட்டத்துல 99டாட்ஸ்னு ஒன்னு வந்துச்சு, மாத்திரைய அமுக்கி எடுத்தா அட்டைக்கு அடியில மறைஞ்சிருந்த போன் நம்பர் தெரியும், அதுக்கு காசில்லாம ஒரு கால் குடுத்தா சாப்பிட்டதாக் கணக்கு. நல்ல ஐடியா, செலவு கம்மி. ஆனா வீட்டுக்குப் போய் சிறுநீர் வாங்கி ஒப்பிட்டுப் பாத்தப்ப ரொம்பத் துல்லியம்னு சொல்ல முடியல, சாப்பிட்டவங்க கால் பண்ணல, சாப்பிடாதவங்க பண்ணிருக்காங்க. பழைய சேத்துப்பட்டு டெஸ்ட்டுதான் இன்னைக்கும் இந்த டெக்னாலஜிக்கே மார்க் போடுது.

கடையில நான் இப்பல்லாம் "ஒழுங்கா சாப்பிடுறீங்களா"ன்னு கேக்குறதில்ல. "எல்லாருக்கும் ஒன்னு ரெண்டு விட்டுப் போகும், இந்த வாரம் உங்களுக்கு எத்தனை போச்சு?"ன்னு கேட்டா பதில் வருது. மெட்பார்மின் வாங்குற பெரியவர் ஒருத்தர் அப்படித்தான் சொன்னாரு, "தம்பி, அது கரையவே மாட்டேங்குது, வெளிக்கிப் போகும்போது முழுசா வந்து விழுகுது, பெறகு எதுக்குக் காசக் குடுத்து?" எஸ்ஆர்னு போட்ட, மருந்த மெதுவா விடுற மாத்திரைல சிலதுக்கு அப்படி நடக்கும்யா, மருந்து கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கிரும், வர்றது வெறுங்கூடு, அதுக்காக நிறுத்தவும் வேண்டாம், கரையட்டும்னு உடைச்சோ பொடிச்சோ சாப்பிடவும் வேண்டாம், உடைச்சா நாள் முழுக்க எறங்க வேண்டியது ஒரேயடியா எறங்கும்.